கண்ணாடியில் இரண்டு சொட்டு

இது நான் நேரில் கண்டதல்ல. கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த வினோதா சொன்னது. "எங்கம்மா மை கலக்கக் கத்துக்கிட்ட கதை" என்றுதான் தொடங்கினாள்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம். சீனியம்மாள் நாற்பது வயதில் அங்கே மை கலக்கச் சேர்ந்தாள். கற்றுக்கொடுத்த செல்வின் அவளைவிடப் பத்து வயது இளையவர். அவள் அவரை மாஸ்டர் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

அன்று மை இறுகியிருந்தது. தேதிகள் திட்டுத்திட்டாக விழுந்தன. அவள் பதறிப்போய் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றிவிட்டாள். மை கசிந்து, சிவப்பு எட்டின் இரண்டு கண்ணும் அடைத்துப்போயின.

"எட்டுக்குக் கண்வலி போல" என்றான் மெஷின்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

செல்வின் சிரிக்கவில்லை. மனசு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அவள் சொன்னாள். மூத்த தாரத்து மகளுக்கு ஒன்பது வயது. இவள் வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வளையல், ரிப்பன், பாவாடை எல்லாம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரியைக்கூடப் பெரியம்மா என்கிறவள், இவளை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அருகில் வந்து நிற்பாள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அத்தைக்காரி வருகிறாள், பிள்ளையைத் தன்னோடு கூட்டிப்போக.

"ஒட்டாத பிள்ளைய நான் பிடிச்சு வச்சிருக்கலாமா, மாஸ்டர்?"

செல்வின் கண்ணாடிப் பலகையைத் துடைத்து அதில் இரண்டு சொட்டு மை வைத்தார். ஒரே மை, ஒரே அளவு. ஒன்றில் எண்ணெய் அதிகம், மற்றதில் கொஞ்சம். இளகின சொட்டு உடனே பரவியது. இறுகினது குன்றிமணி போல அப்படியே உட்கார்ந்திருந்தது.

அவள் அதை விரலால் தேய்த்துவிடப் போனாள்.

"தொடாதீங்க" என்றார்.

வேலை முடிகிற நேரத்தில் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு சொட்டும் ஏறக்குறைய ஒரே அகலம்.

சீனியம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பிறகெதுக்கு மாஸ்டர் எண்ணெய் ஊத்துறோம்?"

"மெஷின் காத்திருக்காதுக்கா."

ஞாயிற்றுக்கிழமை அத்தைக்காரி தனியாகத்தான் பஸ் ஏறினாள்.

கல்லூரியில் சான்றிதழ் சரிபார்த்த அன்று, வினோதா தன் கோப்பை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழைப் பார்த்தேன். தாயார் பெயர் இருந்த இடத்தில் சீனியம்மாள் என்று இல்லை.