கை கழுவப் போன மாப்பிள்ளைகள்

தாங்கள் கூவுவதால்தான் பொழுது விடிகிறது என்று சேவல்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இப்போதும் அப்படித்தான் நம்புகின்றன, அது வேறு விஷயம். அந்தக் காலத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வைரவர் என்ற உப்பு வணிகர் இருந்தார். அவருக்கு ஒரே மகள், உமையாள். உமையாளுக்கு ஒரே செல்லம், கொல்லையில் திரிந்த செஞ்சேவல்.

உமையாளுக்கும் தாய் இல்லை, சேவலுக்கும் தாய் இல்லை. தாய்க்கோழியைக் கீரி கவ்விக்கொண்டு போன அன்று, மிஞ்சிய ஒற்றைக் குஞ்சை முந்தானையில் சுற்றி எடுத்து வந்து நொய் போட்டு வளர்த்தவள் அவள்தான்.

குஞ்சு சேவலானதும் அதே கீரி மறுபடி வந்தது. சேவல் பாய்ந்த பாய்ச்சலில் கீரி வேலி தாண்டி ஓடியது. "வீரன்டா நீ!" என்று வைரவர் ஒரு கை கம்பு இறைத்தார். அதில் தவறில்லை. பிறகு ஒருநாள் சேவல் பக்கத்து வீட்டுக்காரரைக் கொத்தியது. அவருக்கும் வைரவருக்கும் ஆகாது. அதனால் வைரவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கை கம்பு இறைத்தார். வினை அங்கேதான் பிடித்தது.

அன்று முதல் கொல்லைக்கு வந்த கால்களெல்லாம் சேவலின் கண்ணுக்குக் கீரியாகத் தெரிந்தன. கம்பு போட்டவர் காலையும் கொத்தியது, வளர்த்தவள் காலையும் கொத்தியது.

இந்த நிலையில்தான் உமையாளுக்கு வரன் பார்த்தார்கள்.

முதலில் குதிரை வணிகரின் மகன் வந்தான். நல்ல உயரம், நல்ல பேச்சு. பாகில் ஊறிய பணியாரத்தைத் தின்றுவிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போனான். சேவல் வந்தது. அவன் ஓடினான். அவன் ஓட ஓடச் சேவலுக்கு உற்சாகம். கொல்லையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து தெரு. கை கழுவப் போனவன் சம்பந்தத்தையே கை கழுவிவிட்டுப் போனான்.

அடுத்து வாள் வணிகரின் மகன் வந்தான். அவனும் பணியாரம் தின்றான், அவனும் கை கழுவப் போனான். சேவல் வந்தது. அவன் ஓடவில்லை, விறகுக் கட்டையை எடுத்து ஓங்கினான். அடி விழ விழச் சேவல் இன்னும் உயரமாக எழும்பியது. கடைசியில் கட்டை ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம் கிடந்தன. "சேவலுக்கே இவ்வளவு திமிருன்னா பொண்ணுக்கு எவ்வளவு இருக்கும்!" என்று சொல்லி அவனும் கை கழுவிவிட்டான்.

வைரவருக்கு வந்ததே கோபம்! "அடுத்த வரனும் ஓடிப்போனா, இவனைக் குழம்பு வச்சிடுவேன். கல்யாணம் கூடி வந்தா, மாப்பிள்ளை விருந்துக்கு இவன்தான் குழம்பு" என்றார்.

"ரெண்டுலயும் குழம்புதானாப்பா?"

"ஆமா!"

உமையாள் கொல்லையில் உட்கார்ந்து அழுதாள். அந்த மடச்சேவல் அவள் பெருவிரலை ஒரு கொத்துக் கொத்தியது. அப்போதும் அவளுக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. பாசம் அப்படி.

மூன்றாவதாக வெல்ல வணிகரின் மகன் ஆண்டியப்பன் வந்தான். ஆள் குள்ளம், கொஞ்சம் தொந்தி. பணியாரத்தை மட்டும் மற்ற இருவரையும்விட அதிகமாகவே தின்றான். பாகு வழியும் கையோடு கொல்லைக்குப் போனான். உமையாள் குடத்தோடு பின்னாலேயே ஓடினாள்.

சேவல் வந்தது. அவன் ஓடவில்லை, அடிக்கவும் இல்லை. காலில் ஒரு கொத்தை வாங்கிக்கொண்டான். பிறகு குனிந்து, இறக்கை இரண்டையும் சேர்த்து அணைத்துத் தூக்கி, சேவலை இடுப்பில் வைத்துக்கொண்டான்.

சேவல் கத்திய கத்தல் ஊருக்கே கேட்டது. கோழிகளெல்லாம் மேய்ச்சலை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தன. அவன் விடவில்லை. இடுப்புப் பிள்ளையை ஆட்டுவதுபோல ஆட்டியபடி கிணற்றைச் சுற்றி நடந்தான். கத்தல் முனகலானது, முனகல் மூச்சானது. சேவல் மெல்லக் கண் செருகியது.

"கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. ஒரு கை இவன்கிட்ட மாட்டிக்கிச்சு" என்றான் ஆண்டியப்பன்.

உமையாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சம்மதமும் வந்தது.

"எப்படி மாப்பிள்ளை இது?" என்றார் வைரவர். மாப்பிள்ளை என்று வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"எனக்குக் கீழ நாலு தம்பிங்க. கோவிச்சுக்கிட்டு அடிக்க ஓடி வர்றவனைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிறதுதான் எங்க வீட்டு வழக்கம்" என்றான் அவன்.

ஒரே நாளில் சேவல் அடங்கிவிட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. அன்று முதல் அது பாய்ந்து வரும்போதெல்லாம் உமையாள் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் சேவலோடு நீர் இறைத்தாள், இடுப்பில் சேவலோடு பூப் பறித்தாள். கல்யாண மாதம் வருவதற்குள் அது அவள் காலடியில் மேயும் பிள்ளையாகிவிட்டது.

கல்யாணம் முடிந்தது. வைரவர் சொன்ன சொல் தவறாதவர். கத்தியைத் தீட்டிக்கொண்டு விருந்துக்குச் சேவலைப் பிடிக்கப் போனார். உமையாள் புதுக் கணவனைப் பார்த்தாள்.

ஆண்டியப்பன் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, இடுப்புல வச்ச பிள்ளைய இலையில வப்பாங்களா? கத்தரிக்காய்க் குழம்பு போதும்" என்றான்.

வைரவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, கத்தரிக்காய் பறிக்கத் தோட்டத்துக்குப் போனார். சேவல் அவர் பின்னாலேயே போனது, கொத்தாமல்.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: முரட்டுப் பிள்ளையைக் கண்டு ஓடினால் அவன் முரடு வளரும், அடித்தால் இன்னும் வளரும், கை கழுவிவிடாமல் அணைத்துப் பிடித்தால்தான் அடங்குவான்.