பொருள் தெரியாமல் சாக மறுத்த ராஜா

கோணக்கரைக்கு வழி கேட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். அந்த ஊர்க்காரர்களான நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம். எதற்கென்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்துவதில்லை.

எங்கள் கலாமன்றத்தில் மாயழகு பதினோரு வருடமாக நடிகர். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற ஆள் என்பதால் அவருக்கென்றே சில வேடங்கள் உண்டு. கோட்டைக் கதவு, ஆலமரம், போன வருடம் குதிரையின் பின்னங்கால். வருடம் தவறாமல் மாமனார் உடையப்பன் பஸ் ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். "மாப்பிள்ளை நல்லா நிக்கிறாரு" என்பார். அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். அந்த ஒரு வார்த்தை மாயழகுக்கு முள்ளாகக் குத்தும். மாமனார் முன்னால் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து பேசி, அவர் அழுகிற மாதிரி செத்துக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் மனிதரின் ஆசை.

இந்த வருடம் பக்கத்து ஊர்க்காரர்கள் நிஜக் குதிரையையே மேடையேற்றிவிட்டார்கள். மன்றச் செயலாளர் தருமராசு அவசரக் கூட்டம் போட்டார்.

"குதிரைக்கு மேலே என்னய்யா செய்யறது?"

"யானை?"

"மேடை தாங்காது. இங்கிலீசுல நாடகம் போடுவோம். அதுவும் முந்நூறு வருசத்துக்கு முந்தின இங்கிலீசு. வெள்ளைக்காரனுக்கே புரியாது."

"நமக்குப் புரியுமாண்ணே?" என்றார் மாயழகு.

"நமக்கு எந்த இங்கிலீசும் புரியாது. பழசும் புதுசும் ஒண்ணுதான். கஷ்டம் வெள்ளைக்காரனுக்குத்தான்."

நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் நாடகம் கிடைத்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்காக அச்சிட்டது. ஆங்கில வசனத்துக்குக் கீழே உச்சரிப்பு தமிழ் எழுத்தில் இருந்தது. வழக்கொழிந்த சொற்களுக்கெல்லாம் கடைசியில் அருஞ்சொல் பட்டியல், அர்த்தம் தமிழில். முதல் பக்கத்தில் பதிப்பாளர் ஒரு குறிப்பு போட்டிருந்தார்: "நட்சத்திரக் குறியிட்ட சொல் வரும்போதெல்லாம் பின்னால் சென்று, பொருளை அறிந்த பின்னரே மேலே தொடர்க."

தருமராசு அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். "அனுபவஸ்தன் எழுதியிருக்கான். கூத்துக்குக் கட்டியங்காரன் மாதிரி இதுக்குப் பொருள் சொல்ற ஆளு. மேடைக்குப் பின்னால நிப்பான். நட்சத்திரம் வந்தா நடிகர் போய்க் கேட்டுக்கிட்டு வரணும்."

உடனே சண்டை வந்தது. நாடகத்திலேயே அதிக வசனம் பொருள் சொல்கிறவருக்குத்தான். அங்குராசு, வீராசு என்ற அண்ணன் தம்பி இருவரும் அந்த வேடத்துக்கு மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் அப்பன் சொத்தைப் பிரிக்கிற மாதிரி பட்டியலை நடுவில் கிழித்து, ஏ முதல் எம் வரை அண்ணனுக்கு, மிச்சம் தம்பிக்கு என்று பாகம் பிரித்தார்கள். அண்ணன் பின்பக்கம் வலது மூலை, தம்பி இடது மூலை. ராஜா வேடத்தில் நடை அதிகம் என்பதால் அதை யாரும் சீந்தவில்லை. அது மாயழகுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பேச்சியிடம் சொன்னார்.

"ஏங்க, இந்தத் தடவை பேசுவீங்களா?"

"பேசுறேன். கடைசியில சாகிறேன்."

"அய்யாவுக்கு இன்னைக்கே சொல்லி விட்டுடுறேன்" என்றாள் பேச்சி, முகமெல்லாம் சிரிப்பாக.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாடகம். முன்வரிசையில் உடையப்பன். ராஜா மந்திரியைக் கூப்பிட வேண்டும். "ப்ரிதீ" என்றார் மாயழகு. நட்சத்திரம். தம்பியிடம் நடந்தார். "ப்ரிதீ என்றால் தயவு செய்து" என்றான் வீராசு. முன்னால் வந்து, "கம் ஹித்தர்" என்றார். மறுபடி நட்சத்திரம். அண்ணனிடம் போனார். "ஹித்தர் என்றால் இங்கே." தயவு செய்து இங்கே வா என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் மந்திரி வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். பொருள் தெரியாமல் ஒரு வார்த்தை பேசாத ராஜாவை எங்கள் ஜனங்கள் வாயாரப் புகழ்ந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை முடிந்து மூன்று மணிக்கு எதிரி ராஜா குத்தினார். அட்டை வாள் மாயழகின் இடுப்புப் பட்டையில் செருகி நின்றது. இனி ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டுச் சாய வேண்டியதுதான். உடையப்பன் துண்டை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"அலாக்!" என்றார் மாயழகு.

அதற்கும் நட்சத்திரம். வயிற்றில் வாளோடு அண்ணனிடம் தள்ளாடிப் போனார்.

"அலாக்: 'வோ' என்ற சொல்லைக் காண்க" என்றான் அங்குராசு.

தம்பியிடம் போனார்.

"வோ: 'அலாக்' என்ற சொல்லைக் காண்க" என்றான் வீராசு.

மாயழகு அண்ணனிடம் திரும்பினார். பிறகு தம்பியிடம். ஏழாவது சுற்றில் தள்ளாட்டம் போய் ஓட்டமாகிவிட்டது. மேடை ஓரத்தில் நின்ற தருமராசுவைப் பார்த்து மூச்சிரைக்கக் கேட்டார்.

"அண்ணே, அப்படியே செத்துடவா?"

"பொருள் தெரியாம எப்படிப்பா சாவே? அறிந்த பின்னரேன்னு அச்சுல போட்டிருக்கான்."

"வயித்துல வாள் இருக்கேண்ணே!"

"மூட்டை தூக்கற ஆளு நீ. கொஞ்சம் தாங்கு."

குத்தின எதிரி ராஜாவுக்கே மனசு கேட்கவில்லை. ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். உடையப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதார். "கதவா நின்ன மனுசனைக் குத்துயிரா ஓட விட்டுட்டாங்களே!" மாயழகு அதைக் கேட்டார். பதினோரு வருடத்து முள் அந்த நிமிடம் உதிர்ந்தது. ஆனந்தத்தில் இன்னும் வேகமாக ஓடினார்.

ஐந்து மணிக்கு மன்றம் மேடையிலேயே கூடியது. பதிப்பாளருக்குக் கடிதம் எழுதுவது, பொருள் வந்ததும் ராஜா சாவது, அதுவரை வாளை உருவக் கூடாது, உருவினால் கதை மாறிவிடும் என்று முடிவாயிற்று.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. "பிழைக்கு வருந்துகிறோம். அடுத்த பதிப்பில் திருத்தப்படும். அதுவரை பொறுத்தருள்க."

மாயழகு பொறுத்துக்கொண்டிருக்கிறார். வாளோடுதான் மில்லுக்குப் போகிறார், மூட்டையை முதுகுப் பக்கமாகவே ஏற்றிக்கொள்கிறார். உடையப்பன் வாரா வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு பஸ் ஏறி வந்து, "இன்னைக்கு எப்படி இருக்குங்க மாப்பிள்ளை?" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்.

தீபாவளிக்குச் சட்டை தைக்கப் போனார்கள். தையல்காரர் அளவெடுத்துவிட்டு, "வாளுக்கு ஒரு காஜா வைக்கிறேன். அதுக்குப் பொத்தானும் வேணுமா?" என்று கேட்டார்.

"கண்டிப்பா வைங்க" என்றாள் பேச்சி. "புதுப் பதிப்பு வந்து இவரு செத்தப்புறம் ஓட்டைச் சட்டையோடவா மில்லுக்குப் போவாரு?"