ருசி பார்க்க வந்த இரண்டாவது எலி

மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் குரங்குக் கூட்டம் ஒன்று இருந்தது. அதன் தலைவி செம்பட்டை. பக்கத்துப் புதரில் சுண்டான் என்ற காட்டெலி குடியிருந்தான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது கிடைத்தாலும் முதலில் எலி தின்ன வேண்டும். பொழுது சாயும்வரை எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் குரங்குகள் தொடும். இந்த வழக்கத்தால் விஷக்காய் தின்று செத்த குரங்கு அங்கே ஒன்றுகூட இல்லை.

காரில் போகிறவர்கள் சிப்ஸும் பஜ்ஜியும் வீசினார்கள். சுண்டானின் பாட்டன் தின்றான். அப்பன் தின்றான். சுண்டானும் தின்றான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே குரங்குகளும் பத்து வருஷமாகத் தின்றன.

ஆண்டுதோறும் மழைக்கு முன் கூட்டம் பள்ளத்தைத் தாண்டி அக்கரை அத்திமரங்களுக்குப் போகும். முதல் தாவல் தலைவியுடையது. போன தடவை செம்பட்டையின் நகம் மட்டுமே அக்கரைக் கிளையை எட்டியது. இப்போதோ, புளியமரத்தின் மூன்றாவது கிளை ஏறுவதற்குள் நெஞ்சை அடைத்தது. மடியில் குட்டி வேறு. அடுத்த மழைக்கு எப்படித் தாவுவது?

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்கூடத்து வேன் ஒன்றிலிருந்து கூண்டு உருண்டு விழுந்தது. உள்ளிருந்து ஒரு வெள்ளெலி வெளியே வந்தாள். குரங்குகள் அவளை வெள்ளச்சி என்றன.

வெள்ளச்சி மரமேறிப் பார்த்தாள். மூன்றாவது கிளையில் மூச்சு வாங்க நின்றுவிட்டாள்.

"அட, நான் நிக்கிற அதே இடம்!" என்றாள் செம்பட்டை.

"ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தான்க்கா! கொழுப்பு ரத்தக்குழாய்ச் சுவர்ல படிஞ்சு தடிச்சு, வழியைச் சுருக்குது. அந்தச் சிப்ஸைக் கீழே போடு!"

"சுண்டானுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அவன் உடம்பு கொழுப்பை அப்பப்பத் துடைப்பம் மாதிரி கூட்டித் தள்ளிடும். உன் உடம்பு அப்படி இல்ல. என் உடம்புல அந்தத் துடைப்பத்தையே பிறக்கும்போதே எடுத்துட்டாங்க. உன்னை மாதிரி உடம்புக்கு வர்ற நோய் எனக்கும் வரணும்னு. கூண்டுக்கு முன்னால நின்னு எழுதுற அக்கா தினம் சொல்லிட்டே எழுதுவா."

சுண்டான் விழுந்து விழுந்து சிரித்தான். "பழுதான எலி பேச்சையா கேக்கப் போற? என்னைப் பாருக்கா! கல்லு மாதிரி இருக்கேன்!"

"பழுதுதான்டா. அதனாலதான் எனக்குத் தெரியுது!" என்றாள் வெள்ளச்சி.

செம்பட்டை அவளைப் பார்த்தாள். "வேணும்னே நோயைக் கொடுத்தாங்களா? கோபம் வரலையா உனக்கு?"

"வந்துச்சு. ஆனா பட்டது பட்டாச்சு. அது யாருக்காவது உதவட்டுமே."

"இத்தனை வருஷம் தின்னுட்டு இப்ப நிறுத்தி என்னடி ஆகப் போகுது?"

"என் உடம்பு அவசரக்காரி. உனக்கு வருஷத்துல நடக்கிறது எனக்கு மாசத்துல நடக்கும். கூண்டுல எனக்குப் போட்டதும் கொழுப்புத் தீனிதான். அதை நான் முதல்ல நிறுத்துறேன். நீ பாத்துக்கிட்டே இரு!"

வெள்ளச்சி புல்விதையும் உதிர்ந்த பழமும் தின்றாள். முதல் மாதம் மூன்றாவது கிளையிலேயே நின்றாள்.

"பாத்தியா?" என்று சுண்டான் பஜ்ஜியைக் கடித்தான்.

இரண்டாவது மாதம் அவள் நான்காவது கிளையில் உட்கார்ந்து வாலை ஆட்டினாள்.

"குழாய்ல படிஞ்ச தழும்பு போகலக்கா! ஆனா வழி மேற்கொண்டு சுருங்கல, உடம்பும் லேசாயிடுச்சு!"

செம்பட்டை கையிலிருந்த சிப்ஸ் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு அதைச் சுண்டானிடம் எறிந்தாள். குட்டியின் வாயிலிருந்ததையும் பிடுங்கினாள். அன்றிலிருந்து இலையும் கிழங்கும்தான். தினமும் ஒருமுறை மரமேறினாள். முதலில் மூன்றாவது கிளை, பிறகு நான்கு, பிறகு ஆறு.

மறு மழைக்கு முன் கூட்டம் பள்ளத்தோரம் நின்றது. செம்பட்டையின் வயிற்றைப் பற்றியபடி குட்டி, கழுத்தில் வெள்ளச்சி.

"பிடிச்சுக்கோடி!"

தாவினாள். இரண்டு கையும் கிளையை முழுசாகப் பிடித்தன. பின்னாலேயே கூட்டம் தாவியது.

இன்றும் அங்கே எலிதான் முதலில் ருசி பார்க்கிறது. ஆனால் "எந்த எலி?" என்று கேட்ட பிறகே குரங்குகள் கை நீட்டுகின்றன.

எதைத் தின்றாலும் ஒன்றும் ஆகாதவனைப் பார்த்துத் துணிவதைவிட, நம்முடைய குறையே தனக்கும் உள்ளவர் சொல்வதைக் கேட்பதே நம்மைக் காக்கும்.