கைப்பிடி அரிசிக் கலயம்

எங்கள் சபையில் பெண்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். கைப்பிடி அரிசி என்போம். இல்லாத வீடுகளுக்கு அதிலிருந்துதான் போகும். எந்தப் பிடி யாருடையது என்று எவருக்கும் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு எப்போதும் பெருமைதான்.

விதவை பாக்கியத்தாய் கல்யாணமாகி வந்த நாள் முதல் கலயம் வைத்தவள். இந்த மழையில் அவள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. சபையிலிருந்து ஒரு பை அரிசி அனுப்பினார்கள். அதில் அவள் போட்ட பிடியும் கிடந்திருக்கும்.

கொண்டுபோனவர் எட்வின். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தன்னைவிட இளையவரான போதகர் கோயில்பிள்ளையிடம் ஊழியம் கற்க வந்தவர். பாக்கியத்தாய் பையை வாங்கி நின்றதைச் செல்போனில் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். பாராட்டு வந்து குவிந்தது. மனிதர் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

அதன்பின் பாக்கியத்தாய் கோயிலுக்கு வரவில்லை.

"கர்த்தருக்காகத்தானே செஞ்சேன் ஐயா? பாத்துட்டு இன்னும் நாலு பேர் குடுப்பாங்கல்லா? அந்தம்மா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலையே" என்று போதகரிடம் சொன்னார் எட்வின்.

போதகர் குடையை எடுத்துக்கொண்டு அவரைப் பாக்கியத்தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலில் நின்று, இவருக்குக் கொஞ்சம் கஞ்சி ஊற்றுங்கள் அம்மா என்று கேட்டார்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. தன்னிடமும் ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். தலை நிமிர்ந்து உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தாள்.

அடுப்பு மூலையில் கலயம் நிரம்பி வழிந்தது. எடுத்து வைப்பதை அவள் நிறுத்தவில்லை. கொண்டு வருவதைத்தான் நிறுத்தியிருந்தாள். அதைப் பார்த்தபோது போதகருக்குக் கண் கலங்கியதாம்.

கஞ்சியை ஊற்றிவிட்டுத் துவையல் எடுக்க அவள் உள்ளே போனாள். எட்வின் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். போதகர் செல்போனை எடுத்து அவருக்கு நேராகப் பிடித்தார்.

எட்வினின் இடது கை சட்டென்று முகத்தை மறைத்தது.

"வேண்டாம் ஐயா. கஞ்சிக்கு வந்து உக்காந்துட்டான்னு கம்பெனி ஆளுங்க சிரிப்பாங்க."

போதகர் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னார்:

"உங்களுக்கு மறைச்சுக்க ஒரு கை சும்மா இருந்துச்சு. அன்னைக்கு அந்தம்மாவுக்கு ரெண்டு கையிலயும் நாம குடுத்த அரிசில்லா இருந்துச்சு."