ஓடத்துறை அதிகாரிக்கு ஒரு மல்லிகை மாலை

கருங்கோட்டையை ஆண்ட சேதுரங்க ராஜா நல்லவர்தான். ஆனால் பசி வந்துவிட்டால் நல்லவராக இருப்பது அவருக்குக் கொஞ்சம் கஷ்டம். இதை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவன் அவருடைய சபையில் இருந்த தாண்டவராயன்.

கோட்டைக்கு எதிரே அகலமான ஆறு. அக்கரையில் ஏழு ஊர்கள். ஜனங்கள் ஆற்றைக் கடக்க ராஜாங்க ஓடம் ஒன்றே ஒன்று. அதற்கு அதிகாரி பூதலிங்கம். "இரண்டு நாழிகைக்கு ஒரு ஓடம் தவறாமல் போகிறது, மகாராஜா" என்று மாதாமாதம் சபையில் சொல்வார். ராஜாவும் தலையாட்டுவார். புகார்தான் ஒன்றும் வரவில்லையே.

புகார் எப்படி வரும்? பாதிக்கப்பட்டவர் காலைச் சபைக்கு நேரில் வந்து சொன்னால்தான் அது புகார் என்பது அந்த ஊர்ச் சட்டம். உச்சிப்பொழுதுக்கு முன் சபை கலைந்துவிடும். அக்கரைக்காரர்கள் விடியுமுன்பே துறைக்கு வந்து உட்கார்ந்தாலும் மதியத்துக்குமேல்தான் இக்கரை சேருவார்கள். ஓடம் சரியில்லை என்று சொல்வதற்கும் அந்த ஓடத்தில்தானே வரவேண்டும்!

அப்படி மூன்று நாள் வந்து, பூட்டிய சபையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள் பூக்காரி பேச்சாயி. மூன்றாம் நாள் தாண்டவராயன் அவளை நிறுத்தி என்ன விஷயம் என்று கேட்டான்.

"ஓடம் நெறையறதுக்குள்ள என் மல்லி மொட்டெல்லாம் பூத்துப் போகுது சாமி. அது கெடக்கட்டும். என் மக நெறமாசமா இருக்கா, அவள விட்டுட்டு ராத்திரி இங்க தங்கவும் முடியல. மருத்துவச்சி இந்தக் கரையில இருக்கா. வலி எடுத்தா, ஓடம் நெறையட்டும்னு புள்ள காத்துக்கிட்டிருக்குமா?"

எதற்கும் சிரிக்கிற தாண்டவராயனுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் சபையில் விஷயத்தை எடுத்துச் சொன்னான்.

"பாதிக்கப்பட்டது நீயா?" என்று கேட்டார் ராஜா.

"இல்லை, மகாராஜா."

"வீண்பழி" என்றார் பூதலிங்கம்.

"நேரில் ஆள் இல்லாமல் இன்னொரு முறை இந்தப் பேச்சை எடுத்தால் சபையில் உனக்கு இடம் கிடையாது" என்றார் ராஜா. பூதலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்று மதியமும் பேச்சாயி வந்தாள். "நாளைக்குப் பெரிய மாலையா ஒண்ணு கட்டிக்கிட்டு வா. பூதலிங்கத்துக்குப் போடணும்" என்றான் தாண்டவராயன்.

"அந்த ஆளுக்கா? என் மல்லியே மாட்டேன்னு சொல்லும் சாமி."

"நான் சொல்றேன், கட்டு. வழக்கம்போல ஓடத்துல வா. அவசரமே படாத."

விடிந்தது. சபை கூடியதும் தாண்டவராயன் எழுந்தான். "மகாராஜா, அக்கரை ஜனங்கள் இன்று நம் அதிகாரிக்கு மாலை மரியாதை செய்ய வருகிறார்கள்."

பூதலிங்கத்தின் முகம் பூரித்துவிட்டது. "அரண்மனைப் படகை அனுப்பட்டுமா?" என்று ராஜா கேட்டார். "எதற்கு மகாராஜா? நம் ஓடம்தான் இருக்கிறதே" என்றார் பூதலிங்கம், பெருமை பொங்க.

கருங்கோட்டையில் மாலை மரியாதைக்கு ஒரு முறை உண்டு. அறிவித்துவிட்டால், மாலை கழுத்தில் விழும்வரை பெறுகிறவர் நின்ற இடத்தைவிட்டு நகரக்கூடாது. ராஜாவும் எழுந்து போகக்கூடாது. ஆகவே பூதலிங்கம் நின்றார், ராஜா உட்கார்ந்தார், சபை வாசலைப் பார்த்தது.

நாழிகைகள் போயின. அரண்மனைச் சமையலறையிலிருந்து உருண்டைக் குழம்பு வாசனை வந்தது. பூதலிங்கம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். ஓடக்காரர்களுக்கு ஆள் அனுப்பி விரட்டலாம் என்றால், ஓடம் அக்கரையில் அல்லவா நிற்கிறது! அரண்மனைப் படகையும் வேண்டாம் என்று அவரே சொல்லியாயிற்று.

உச்சிப்பொழுது வந்தது. ராஜாவின் வயிறு சபைக்கே கேட்கும்படி முனகியது.

"ராஜாவைப் பட்டினி போடுகிற இது என்ன மரியாதை?" என்று ராஜா பூதலிங்கத்திடம் சீறினார். " அவர்களுக்கு உன்மேல் அன்பும் இல்லை, ஒன்றும் இல்லை. மாலை ரத்து. எழுந்திருங்கள்."

கைக்கு எட்டியது கழுத்துக்கு எட்டாமல் போய்விடுமே என்று பூதலிங்கம் பதறிப்போனார். "அவர்கள்மேல் தப்பில்லை, மகாராஜா. காலையிலிருந்தே துறையில் காத்துக்கொண்டிருப்பார்கள். நாற்பது பேர் சேர்ந்தால்தான் கயிற்றை அவிழ்க்கவேண்டும் என்பது என் உத்தரவு. சந்தை நாள் இல்லாவிட்டால் தினமும் இப்படித்தான் ஆகும்."

சபையே பூதலிங்கத்தின் பக்கம் திரும்பியது.

தாண்டவராயன் கைகட்டி நின்றான். "மகாராஜா, பாதிக்கப்பட்டவரே நேரில் வந்து சொல்லவேண்டும் என்றீர்கள். காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிறவரே சொல்லிவிட்டார்."

ராஜா பூதலிங்கத்தைப் பார்த்தார். அவர் வயிறும் சேர்ந்து பார்த்தது. அந்த நேரம் பார்த்துப் பேச்சாயி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். மாலையில் ஒரு மொட்டுகூட மிச்சமில்லை, அத்தனையும் பூத்துத் துவண்டிருந்தது. அதையே பூதலிங்கத்தின் கழுத்தில் போட்டாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்று முதல் இரண்டு நாழிகைக்கு ஒருமுறை முரசு அடிக்கும். அடித்ததும் ஓடம் கிளம்பவேண்டும், ஏறியது ஒரே ஆளாக இருந்தாலும் சரி. பிரசவம், நோய் என்றால் முரசுக்கும் காத்திருக்கக் கூடாது" என்றார் ராஜா. பேச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"தாண்டவராயா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"எனக்கு எதற்கு மகாராஜா? நம் அதிகாரிக்குக் கொடுங்கள். அக்கரையில் நல்ல வீடாக ஒன்று. மாலை போடுகிற ஜனங்களுக்கு நடுவே குடும்பத்தோடு இருக்கட்டும். தினமும் காலைச் சபைக்கு ஓடத்தில் வரட்டும்."

ராஜா பசியை மறந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "கொடுத்தேன்" என்றார்.

தரையில் உட்கார்ந்திருந்த பூதலிங்கம் மெல்லக் கையைத் தூக்கினார்.

"மகாராஜா, ஒரு விண்ணப்பம். இரண்டு நாழிகைக்கு ஒரு ஓடம் என்பது ஜனங்களுக்கு எப்படிப் போதும்? நாழிகைக்கு ஒன்றாக விட்டால் என்ன?"