பொறுப்புச் சீட்டு தரையில் கிடந்த கதை

பரமக்குடியில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்கு வைரவன்தான் முதலாளி. அதன் கான்கிரீட் தரைக்குப் பாலிஷ் போட்டவள் எஸ்தர். குனிந்தால் முகம் தெரிந்தது. தண்ணீர் இறங்காமல் காக்கும் சீலர் பூச்சு மட்டும்தான் பாக்கி.

"இன்னைக்கே பூசணும். மூணு நாள்ல திறப்பு விழா," என்றார் வைரவன்.

"உள்ளுக்குள்ள இன்னும் ஈரம் இருக்கு, முதலாளி. இப்பப் பூசினா வெளுத்து உரிஞ்சுரும்."

வைரவன் செருப்பைக் கழற்றிவிட்டு, வேலையாட்கள் எல்லோரும் பார்க்க மண்டபத்தின் குறுக்கே நடந்தார். "என் காலுக்குத் தெரியாத ஈரம் உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

பிறகு மைப்பேனாவைத் திறந்து எஸ்தர் பெயரில் ஒரு சீட்டு எழுதினார்: 'தரை நன்றாகக் காய்ந்துவிட்டது. பூச்சு உரிந்தால் நானே பொறுப்பு.'

"கையெழுத்துப் போடு. இல்லாட்டி மெஷினைத் தூக்கிட்டுக் கெளம்பு. இந்த ஊர்ல ஒருத்தனும் உனக்கு வேலை தரமாட்டான்."

எஸ்தர் சீட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். "போடுறேன். நாளைக் காலை வரைக்கும் இது இந்தத் தரையிலேயே இருக்கட்டும். காஞ்ச தரைன்னு நீங்களே எழுதிட்டீங்களே."

அத்தனை பேர் முன்னால் வைரவனால் மறுக்க முடியவில்லை. எஸ்தர் சீட்டைத் தரையில் வைத்து, மேலே பாலிதீன் ஷீட்டை விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டினாள்.

மறுநாள் காலை ஷீட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. சீட்டு நனைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஓர் எழுத்துகூட மிச்சமில்லாமல் மை கரைந்து ஓடியிருந்தது.

எஸ்தர் பேனாவோடு நின்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"எந்த இடத்துல கையெழுத்துப் போடணும், முதலாளி?"