புளியோதரைப் பூட்டு

வெண்குடி நாட்டு அரசர் விக்கிரமகேசரிக்குத் திருட்டுப் பயம் ஜாஸ்தி. கனவில் யாராவது பூட்டைத் தொட்டால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆகவே, முத்திரை மோதிரம் இருக்கும் அறைக்குத் தளபதி மழவராயர் ஒரு கடவுச்சொல் ஏற்பாடு செய்தார். இந்தக் காலத்தில் கணினியைத் திறக்கக் கேட்கிறார்களே, அதேதான். ஒரே வித்தியாசம், அன்றைக்குக் கேட்டது மீசை வைத்த காவலாளி.

"மன்னா, ரகசியம் ஒரு புளியோதரைச் செய்முறை. பன்னிரண்டு படி. ஒரு படி முன்னே பின்னே ஆனாலும் கதவு திறக்காது. காவலுக்கு வீரணன். கோயில் மடைப்பள்ளியில் வளர்ந்தவன், வரிசை மறக்கவே மாட்டான். காசுக்கும் மயங்கான், கத்திக்கும் அஞ்சான். சரியான கல்லுளிமங்கன்!"

அவையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. வேறு யார், மதியூகி அம்பலவாணன்தான். அவனுக்கு அவன் வாயே எதிரி.

"என்ன சிரிப்பு?" என்று சீறினார் மழவராயர். "முடிந்தால் மோதிரத்தை எடுத்து வா. எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிப் பார். முடியாவிட்டால் நாட்டைவிட்டே போய்விடு!"

"பலே பந்தயம்!" என்றார் அரசர். "நாளை மாலைவரை கெடு."

அம்பலவாணன் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான். பிறந்த ஊரை விட்டுப் போவதா? சமையலோ, அவனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அதை நினைத்ததும்தான் ஒரு யோசனை வந்தது. வந்ததும் துள்ளிக் குதித்தான்.

மறுநாள் காலை அறை வாசலில் போய் நின்றான்.

"கடவுச்சொல்?" என்றான் வீரணன்.

"மொதல்ல பச்சத் தண்ணியில புளியப் போட்டு, மேல கடுகத் தூவணும்."

வீரணனின் மீசை துடித்தது. "தப்பு."

"அதுல சோத்தக் கொட்டிக் கொதிக்க விடணும்."

வீரணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "தப்பு!"

"கடைசியா, மணத்துக்கு ஒரு கரண்டி வேப்பெண்ண..."

"அட படுபாவி!" வேல் கீழே விழுந்தது. "புளியோதரையில வேப்பெண்ணயா? நல்லெண்ணய்யா! அது காஞ்சப்புறம் கடுகு!"

"ஓ! கடுகுக்கப்புறம் வெல்லமா?"

"கடலப்பருப்பு! அப்புறம் மொளகா!"

"அப்புறம் உப்பு?"

"புளியே ஊத்தல, அதுக்குள்ள என்னய்யா உப்பு?"

இப்படியே பன்னிரண்டு படியும் வெளியே வந்துவிட்டன. வீரணன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அம்பலவாணன் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தான்.

"ஆங், இப்பத்தான் சரி!" என்று மனம் குளிர்ந்து கதவைத் திறந்துவிட்டான் வீரணன்.

அவையில் மோதிரத்தைக் கண்டதும் மழவராயர் குதித்தார். "லஞ்சம்!"

"காலணா கொடுக்கவில்லை, தளபதியாரே. தப்பாகச் சமைத்தேன், அவ்வளவுதான். தப்பான சமையலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நம் ஊரில் யாரால் முடியும்?"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணனுக்குப் போட்டார். போட்ட கையோடு பழைய பயம் வந்துவிட்டது. "அப்படியானால் வாசலில் யாரை நிறுத்துவது?"

"தப்பு என்று மட்டும் சொல்லவேண்டும், மன்னா. எது தப்பு என்று உயிரே போனாலும் சொல்லக் கூடாது. அப்படிப்பட்ட ஆளாகப் பாருங்கள்."

"அப்படி ஒரு மனிதன் இருப்பானா?"

"உங்கள் மனு மண்டபத்திலேயே இருக்கிறார். எழுத்தர் ஏகாம்பரம். வாய்க்கால் தகராறுக்காக ஏழு தடவை மனு கொடுத்தேன். ஏழு தடவையும் தப்பு என்று திருப்பினார். எது தப்பென்று எனக்கு இன்றுவரை தெரியாது."

அன்றே ஏகாம்பரம் வாசலுக்கு மாற்றப்பட்டார். ரகசியமும் வத்தக்குழம்புக்கு மாறியது. அதன்பிறகு ஈ எறும்புகூட உள்ளே போகவில்லை.

மூன்றாம் நாள் அரசரே வந்தார். மோதிரம் அவசரமாக வேண்டும். வத்தக்குழம்பை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொல்லி முடித்தார்.

"தப்பு."

"எது ஐயா தப்பு?"

ஏகாம்பரம் வெற்றிலையை மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"நாளைக்கு வாங்க."